பல்லுக்கு ஒரு கொல்லைப்புற வாசல்

ரூட் கேனால் பண்ணின பல்லு, சில வருஷம் கழிச்சு திரும்பவும் மக்கர் பண்ணினா என்ன செய்யணும்? எங்க ஊரு சங்கரன்கோவில்ல இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"புடுங்கிட்டு சோலியப் பாருலே."

அப்பா சொன்னார். சித்தப்பா சொன்னார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னார். சலூன்ல பக்கத்து நாற்காலியில சோப்பு நுரையோட உக்காந்திருந்த, முன்னபின்ன பாத்திராத பெரியவர் ஒருத்தர் கூட கண்ணாடி வழியா என் வாயப் பாத்துட்டு அதையே சொன்னார். ஏற்கனவே ஆபீஸ்ல ஆணி புடுங்கறதுதான் பொழப்பு, இதுல பல்லையும் புடுங்கணுமான்னு நான் யோசிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு :)

சம்பந்தப்பட்ட பல்லு மேல்வரிசை, இடதுபக்கம், முன்பல்லுக்கு அடுத்தது. சிரிச்சா தெரியற இடம். ஏழாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு கார்க் பால் அதுமேல வந்து உக்காந்தது. உடையலை, ஆடலை, ஆனா உள்ள இருந்த உயிர் மட்டும் மெதுவா போயிடுச்சு. அடி வாங்கின பல்லு இப்படித்தானாம், பல வருஷம் கழிச்சுக்கூட செத்துப்போகும், வெளியில நிறம் மட்டும் லேசா சாம்பலாகும். இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம் ஒரு ராத்திரி அது வலிச்ச வலியில ஹாஸ்டல் சுவத்துல முட்டிக்கிட்டேன். அப்ப ரூட் கேனால் பண்ணி, வேருக்குள்ள ஒரு உலோகக் கம்பி வச்சு, அதுமேல தொப்பி மாட்டி அனுப்பினாங்க. எட்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒருநாள் பல் தேய்க்கும்போது அந்தப் பல்லுக்கு மேல, ஈறுல, கடுகு மாதிரி ஒரு பருவு.

வலி? சுத்தமா கிடையாது. அதுதான் வில்லங்கமே. உள்ள எலும்புக்குள்ள சேர்ற சீழ் தானே ஒரு ஓட்டை போட்டு வெளிய வர வழி பண்ணிக்கிட்டா அழுத்தம் குறைஞ்சிடும், வலி இருக்காது. குக்கர் வெயிட் மாதிரி. அமுக்கினா கொஞ்சம் உப்புக் கரிக்கும், அமுங்கிடும், பத்து நாள்ல திரும்ப வரும். ஆச்சி பாத்துட்டு "சூட்டுக் கட்டிலே, ஒண்ணுமில்ல, கோமதியம்மன் புத்துமண்ண கொழைச்சுப் போடு"ன்னா. (எங்க ஊருக்காரங்களுக்குத் தெரியும். உடம்புல எது வந்தாலும் முதல் வைத்தியம் கோயில் புத்துமண்தான்.) கூடவே ஒரு கிராம்பும் குடுத்தா. கிராம்ப மட்டும் குறைச்சு எடை போட்டுடாதீங்க, அதுக்கு அப்புறம் வரேன்.

சித்தப்பாவோட யோசனை வேற. மெடிக்கல்ல சொல்லி அஞ்சு நாளைக்கு ஆண்டிபயாடிக் வாங்கிப் போடணுமாம். ஊர்ல பாதிப்பேர் செய்யறது இதைத்தான். பருவும் அடங்கும். ஆனா திரும்ப வரும். ஏன்னு எங்க ஊரு பல் டாக்டர் சொன்ன விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. மாத்திரை எப்படி வேலை செய்யுது? ரத்தத்துல கலந்து ரத்தம் போற இடத்துக்கெல்லாம் போகுது. ரூட் கேனால் பண்ணின பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே கிடையாது. கிருமி உக்காந்திருக்கறது அங்க. மாத்திரை தெருமுனை வரைக்கும் போகும், வீட்டுக்குள்ள போகாது. வெளியில இருக்கற வீக்கத்தையும் காய்ச்சலையும் அடக்க அது தேவைப்படற நேரம் உண்டு, மூலத்தை அதால ஒண்ணும் பண்ணமுடியாது.

அவர் செஞ்ச இன்னொரு காரியம், பொட்டி தட்டற நமக்கெல்லாம் பிடிக்கற மாதிரியான ஒண்ணு. இளஞ்சிவப்பு நிறத்துல நூல் மாதிரி ஒரு குச்சியை எடுத்து அந்தப் பருவோட வாய்க்குள்ள மெல்ல விட்டார். அது பாட்டுக்கு வளைஞ்சு உள்ள போச்சு. அப்படியே ஒரு எக்ஸ்ரே. படத்துல அந்தக் கோடு நேரா என் பல்லோட வேர் நுனியில போய் நின்னுது. அங்க ஒரு கறுப்பு நிழல். சீழ் எந்தப் பல்லுலேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க இதுதான் வழியாம். பிழை எங்கேருந்து வருதுன்னு லாக் ஃபைல்ல வரி வரியா பின்னாடி போவோமே, அதே கதை. உண்மையிலேயே 'ரூட்' காஸ் அனாலிசிஸ்! (அடிக்க வராதீங்க.)

அந்தக் குச்சிக்குப் பேர் கட்டா பெர்ச்சா. ரூட் கேனால் பண்ணும்போது வேரை அடைக்கறதும் இதை வச்சுத்தான். மலேயாப் பக்கத்துக் காட்டு மரத்தோட பால். 1851ல இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல கடலுக்கடியில தந்திக் கம்பி போட்டாங்களே, அந்தக் கம்பியில தண்ணி புகாம சுத்தினது இதே பொருள்தான். அப்புறம் போட்ட அட்லாண்டிக் கம்பிக்கும் இதுதான். ஆக, இன்டர்நெட்டோட கொள்ளுத்தாத்தாவுக்குப் போட்ட சட்டையும் என் பல்லுக்குள்ள இருக்கறதும் ஒரே துணி. இது தெரிஞ்சதும் எனக்கு அந்தப் பல்லுமேல ஒரு மரியாதையே வந்துடுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒழுங்கா அடைச்ச பல்லு ஏன் திரும்பக் கெடுது?

ஊர்ல எல்லாரும் கேட்டது, "மொதல்ல பாத்தவன் சரியாப் பாக்கலையோ?" இருக்கலாம். ஒரு கால்வாய் விட்டுப்போறது, அடைப்பு முழுசாப் போகாம பாதியில நிக்கறது, மேல போட்ட தொப்பி ஒழுகறது இதெல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனா என்னைப் பாத்த ரெண்டு டாக்டருமே அப்படிச் சொல்லலை. எக்ஸ்ரேல அடைப்பு கிட்டத்தட்ட நுனி வரைக்கும் அழகாப் போயிருந்தது. பிரச்சனை பல்லோட அமைப்புலயே இருக்கு. வேருக்குள்ள ஒரே ஒரு குழாய் இருக்குன்னுதான் நாம நினைச்சுக்கறோம். காவிரி கல்லணையைத் தாண்டினதும் கிளை கிளையாப் பிரியுதில்லையா, அதுமாதிரி வேரோட கடைசி சில மில்லிமீட்டர்ல அந்தக் குழாயும் மயிரிழை மயிரிழையாப் பிரியும். எந்த ஊசியும் அதுக்குள்ள போகாது. மருந்துத் தண்ணி போகலாம், போகாமலும் இருக்கலாம். அங்க நாலு கிருமி குடும்பம் நடத்தினா எட்டு வருஷம் கழிச்சு கூட ஆட்சி மாறும்.

எல்லாத்துக்கும் காரணம் கிருமிதான்னு முடிவானதுக்குப் பின்னாடி 1965ல நடந்த ஒரு சோதனை இருக்கு. அமெரிக்காவுல ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு மூணு பேர். எலிகளோட பல்லுல ஓட்டை போட்டு உள்சதையை வெளியில தெரியற மாதிரி அப்படியே விட்டாங்க. சாதாரண எலிகளுக்குப் பல்லு செத்து, வேர் நுனியில சீழ் கட்டுச்சு. பொறந்ததிலேருந்து கிருமியே இல்லாத கூண்டுல வளர்ந்த எலிகளுக்கு? சோத்துப் பருக்கையும் முடியும் ஓட்டைக்குள்ள போய் அடைச்சிருந்தும் ஒண்ணும் ஆகலை, ஓட்டைக்குக் குறுக்கே பல்லே தானா ஒரு பாலம் கட்டிக்கிச்சு. அந்த எலிகளுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

எங்க ஊரு டாக்டர் நிழலைக் காட்டிட்டு, "தம்பி, இது எனக்கு மேல. வேர் வைத்தியத்துக்குன்னே படிச்சவங்ககிட்ட போங்க"ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தார். பி.டி.எஸ். முடிச்சு, அதுக்கு மேல மூணு வருஷம் பல்லோட உள்பக்கத்தையே படிக்கற எம்.டி.எஸ். ஒண்ணு இருக்கு. எண்டோடான்டிஸ்ட்னு சொல்றாங்க. தனக்கு மேலன்னு ஒரு டாக்டர் சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்னு ஆபீஸ்ல தெரியாத வேலையைத் தெரியும்னு சொல்லி தலையில கட்டிக்கறவங்க மத்தியில இருக்கறவனுக்குத்தான் தெரியும்.

2019லேருந்து நாங்க தென்காசி மாவட்டம். ஆனா கொஞ்சம் பெரிய சமாச்சாரம்னா பஸ்ஸு இன்னமும் பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியா திருநெல்வேலிக்குத்தான் போகுது. அங்க பாத்த டாக்டரம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு மூணு வழி சொன்னாங்க.

ஒண்ணு, பழைய அடைப்பைத் தோண்டி எடுத்துட்டு மறுபடி ரூட் கேனால். பொதுவா முதல்ல யோசிக்கறது இதைத்தானாம். என் விஷயத்துல உள்ள இருந்த கம்பி குறுக்க நின்னுச்சு. நீளமான கம்பி, சிமெண்ட் போட்டு ஒட்டினது. அதைப் பிடிச்சு ஆட்டி எடுக்கும்போது வேர் நெடுக விரிசல் விட்டா அதோட கதை முடிஞ்சது, அப்புறம் பிடுங்கறதைத் தவிர வேற வழி இல்லை. ரெண்டு, ஊர் சொல்றபடி பிடுங்கிட்டு, இம்ப்ளான்ட் வைக்கறது. இல்லைன்னா ரெண்டு பக்கத்து நல்ல பல்லையும் சீவி பாலம் கட்டறது. மூணு, முன்வாசல்ல பூட்டு மாட்டிக்கிட்டா கொல்லைப்புறமா போறது. ஈறைத் திறந்து, எலும்பு வழியாப் போய், வேரோட நுனியை மட்டும் வெட்டி எடுத்துட்டு, வெட்டின இடத்தைப் பின்னாடியிலேருந்து அடைக்கறது. ஏபிகோஎக்டமி. அபெக்ஸ்னா நுனி, அதை வெட்டறது.

எனக்கு ரெண்டாவது வழி மேல ஒரு கோபமும் இல்லை. விரிசல் விட்ட பல்லு, சுத்தி எலும்பே இல்லாம ஆடற பல்லு, இதையெல்லாம் வச்சுக்கிட்டு அழறதுல அர்த்தமில்லை. ஆனா காரணமே கேக்காம பிடுங்கச் சொல்றது இருக்கே, அதுதான் தாங்கலை. இது நம்ம ஊரு வியாதின்னும் நினைச்சுடாதீங்க. 1910ல வில்லியம் ஹண்டர்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் கனடாவுல மான்ட்ரியால்ல ஒரு சொற்பொழிவு செஞ்சார். வாய்க்குள்ள மறைஞ்சிருக்கற சீழ்தான் உடம்புல பாதி வியாதிக்கு மூலம்னு ஒரு போடு போட்டார். அதுக்கப்புறம் இருபது முப்பது வருஷம் மூட்டுவலிக்குப் பல்லு, வயித்துவலிக்குப் பல்லுன்னு அமெரிக்காவுல பிடுங்கித் தள்ளியிருக்காங்க. நியூ ஜெர்சியில ட்ரெண்டன் அரசு மனநல மருத்துவமனையில ஹென்றி காட்டன்னு ஒரு டாக்டர் பைத்தியம் தெளியறதுக்கே நோயாளிகளோட பல்லைப் பிடுங்கினார். பல்லோட நிக்காம டான்சில், குடல்னு போய் நிறையப் பேர் செத்துப்போனாங்க. தன் பல்லையும், பெத்த பிள்ளைகளோட பல்லையும் கூட அவர் விட்டுவைக்கலை. சித்தப்பா எவ்வளவோ தேவலை.

ஆனா வேர்நுனியை வெட்டற யோசனை அதுக்கெல்லாம் முன்னாடியே இருந்தது. 1884லேயே ஃபரார்னு ஒரு அமெரிக்கப் பல் மருத்துவர் இதைப் பத்தி எழுதியிருக்கார். தலைப்புலயே 'வீரமான' சிகிச்சைன்னு போட்டிருந்தார். மனுஷன் யார் வீரத்தைச் சொன்னார், டாக்டரோடதா நோயாளியோடதான்னு தெரியலை :)

எனக்கு நிஜமாவே பயமா இருந்தது. கல்யாணப் பேச்சு ஓடிக்கிட்டிருந்த நேரம். முன்பல்லு. அது ஜெயிக்காட்டி எப்படியும் பிடுங்கத்தான் போறாங்க, அப்புறம் ரெண்டு செலவு, ரெண்டு வலி. "ஆகும்னு கேரண்டி உண்டா மேடம்?"னு கேட்டேன். "கேரண்டி மிக்சிக்குத்தான் தம்பி தருவாங்க. எண்ணிக்கை வேணும்னா சொல்றேன்"னாங்க.

எண்ணிக்கைன்னதும் எனக்குள்ள இருந்த இஞ்சினியர் நிமிர்ந்து உக்காந்தான். 2010ல செட்சரும் அவர் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பாத்திருக்காங்க. வெறுங்கண்ணால பாத்து, சாதாரண ட்ரில்லால வெட்டி, அமால்கம் வச்சு அடைச்ச பழைய முறையில ஜெயிச்சது 59 சதவீதம். மைக்ராஸ்கோப், அல்ட்ராசானிக் கருவி, புது அடைப்புப் பொருள்னு செய்யற முறையில 94 சதவீதம். ஒரே ஆபரேஷன், ஒரே பேரு. 'அதெல்லாம் பண்ணி ஒண்ணும் ஆகலைப்பா'ன்னு சொல்ற பழைய ஆளுங்களும் பொய் சொல்லலை, அவங்க பாத்தது 59. அதுக்காக 94ஐப் பாத்து நான் துள்ளிக் குதிக்கவும் இல்லை. சுவிட்சர்லாந்துல ஃபான் ஆர்க்ஸ் குழுவினர் ஆபரேஷன் பண்ணினவங்களைத் தொடர்ந்து பாத்து 2012ல வெளியிட்ட கணக்குல, ஒரு வருஷத்துல ஆறினது 83.8 சதவீதம், அஞ்சு வருஷத்துல அது 75.9. அதாவது நாலுல மூணு. அந்த நாலாவது ஆளா நான் இருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கிட்டே தலையாட்டினேன்.

மறுபடி ஒரு ஸ்கேன். இது பல்லை எல்லாப் பக்கமும் சுத்திக் காட்டற கோன் பீம் சி.டி. எக்ஸ்ரேங்கறது நிழல்தான். நிழல் எவ்வளவு ஆழம், அண்ணம் பக்கத்து எலும்பு பாக்கி இருக்கா, மூக்குத்தரை எவ்வளவு தூரத்துல இருக்கு, இதெல்லாம் இதுலதான் தெரியும். கடைவாய்ப் பல்லுன்னா மேல சைனஸ் பை, கீழ நரம்பு, தடிச்ச எலும்புன்னு சிக்கல் கூடும். முன்பல்லு அந்த வகையில கொடுத்துவச்சது.

ரத்தம்னா ஆகாதவங்க அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிப் போயிடுங்க.

மேலுதட்டைத் தூக்கி நாலு ஊசி. மரத்துப்போற மருந்தோட அட்ரினலின் கலந்திருப்பாங்க, ரத்தம் குறைய. போட்டதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுது, பயத்துலன்னு நினைச்சேன், பாதி மருந்தாலயாம். அப்புறம் வலிங்கறதே இல்லை, சத்தமும் அழுத்தமும்தான். ஈறை ஒரு ஜன்னல் கதவு மாதிரி வெட்டி மேல தூக்கினாங்க. எலும்புல அவங்க துளை போடவே வேண்டியிருக்கலை, சீழ் ஏற்கனவே போட்டு வச்சிருந்தது, கொஞ்சம் பெருசாக்கினதோட சரி. உள்ள இருந்த சதையைச் சுரண்டி எடுத்தாங்க, ஒரு பட்டாணி அளவு. அதை பாட்டில்ல போட்டு பரிசோதனைக்கு அனுப்பணும். எக்ஸ்ரேல நிழலைப் பாத்ததுமே நிறையப் பேர் 'சிஸ்ட்'னு சொல்லிடறாங்க. இப்படி எடுத்த 256 துண்டுகளை நாயர்ங்கறவர் துண்டு துண்டா வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்து 1996ல எழுதினதுல, உண்மையிலேயே சிஸ்ட்டா இருந்தது 15 சதவீதம்தான். என்னோடதும் இல்லை, வெறும் கிரானுலோமா.

அப்புறம்தான் முக்கியக் காட்சி. வேர் நுனியில 3 மில்லிமீட்டரை வெட்டி எடுத்தாங்க. ஒரு அரிசியில பாதி. ஏன் மூணு? சொன்னேனே காவிரி டெல்டா, அந்தக் கிளைகள்ல 98 சதவீதம் அந்த 3 மில்லிமீட்டருக்குள்ளயே முடிஞ்சிடுதாம். அதுக்கு மேல வெட்டினா வேர் குட்டையாகும், லாபம் பெருசா இல்லை. வெட்டின முகத்துல நீலச் சாயம் தடவி மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க. விரிசல் இருந்தா நீலக்கோடு தெரியும், அப்படித் தெரிஞ்சா அங்கயே நிறுத்திட்டுப் பல்லை எடுத்துடறதுன்னு முன்கூட்டியே பேசியிருந்தோம். அந்த ஒரு நிமிஷம் யாரும் பேசலை. நான் கண்ணை மூடிக்கிட்டு ஏசி சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். "விரிசல் இல்லை தம்பி. பழைய அடைப்போட ஓரத்துல மட்டும் ஒழுகியிருக்கு"ன்னாங்க. வாய் பூரா பஞ்சும் கருவியும். என்னால பண்ண முடிஞ்சது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினதுதான். வளைஞ்ச மூக்கு வச்ச ஒரு அல்ட்ராசானிக் கருவியால வேருக்குள்ள பின்பக்கமா 3 மில்லிமீட்டர் தோண்டி, அடைச்சு, தலைமுடி மாதிரி நூலால தைச்சு முடிச்சப்ப ஒண்ணேகால் மணி நேரம் ஆகியிருந்தது. முன்னெல்லாம் இந்தத் தோண்டற வேலைக்கு நேர் ட்ரில் பிட்டுதான். அது அந்தப் பொந்துக்குள்ள திரும்பாதுங்கறதுக்காகவே வேரைச் சரிவா, 45 டிகிரியில வெட்டுவாங்களாம். சரிவா வெட்டினா கிருமி கசியற வழி கூடுதலாத் திறந்துக்கும். கருவி மாறினதால வெட்டே நேராச்சு.

அடைச்ச பொருள் என்னன்னு கேட்டா எங்க பக்கத்து ஆளுங்க சிரிப்பாங்க. சிமெண்ட்! எம்.டி.ஏ.ன்னு பேரு. கலிஃபோர்னியாவுல லோமா லிண்டா பல்கலைக்கழகத்துல தோராபினெஜாத்னு ஒரு பேராசிரியர் கொண்டுவந்தது, முதல் கட்டுரை 1993ல வந்தது. அடிப்படையில அது சுத்தம் பண்ணின போர்ட்லண்ட் சிமெண்ட், எக்ஸ்ரேல தெரியறதுக்காகக் கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடு கலந்தது. தாழையூத்துல 1949லேருந்து மூட்டை மூட்டையா வந்துக்கிட்டிருக்கற அதே வகையறா. வீட்டுக்குத் தளம் போட்டா ஏன் தண்ணி ஊத்தறோம்? ஈரத்துலதான் சிமெண்ட் இறுகும். வாய்க்குள்ள எலும்புப் பொந்துல ரத்தமும் ஈரமும் இல்லாம இருக்குமா? மத்த அடைப்பெல்லாம் ஈரத்துல பல்லிளிக்கற இடத்துல இது இறுகுது. காரத்தன்மை ஜாஸ்தி, கிருமிக்கு ஆகாது. பக்கத்துல எலும்பும் நல்லா வளருது. முழுசா இறுக ரெண்டே முக்கால் மணி நேரம். நான் திருநெல்வேலியிலேருந்து வீடு வந்து சேர்றதுக்குள்ள என் பல்லுல கான்கிரீட் செட்டாகியிருந்தது.

இதுக்கு முன்னாடி இந்த இடத்துக்குப் பயன்படுத்தின அடைப்புகள்ல சிலது துத்தநாக ஆக்சைடையும் யூஜெனாலையும் குழைச்சு செஞ்சது. யூஜெனால்னா? கிராம்பு எண்ணெய்ல இருக்கறது. பல் ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வாசனை வருமே, அதுதான். இதை ஆச்சிகிட்ட சொன்னதும் "அத நான் அன்னைக்கே தந்தம்லா, நீதான் டவுனுக்குப் போனே"ன்னு ஒரே போடு.

அடுத்த மூணு நாள் பெரிசா சொல்ல ஒண்ணுமில்லை. முதல் நாள் வெளிப்பக்கம் ஐஸ் வச்சு வச்சு எடுத்தது. ரெண்டாம் நாள் மேலுதடு வீங்கி, கண்ணாடியில பாத்தா ஆஞ்சநேயர் தரிசனம். உதட்டைத் தூக்கித் தூக்கி தையலைப் பாக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, உலகத்துலயே கஷ்டமான பத்தியம் அதுதான். வலி, சாதாரண மாத்திரைக்கே அடங்கிச்சு. ஹாஸ்டல் சுவத்துல முட்டின ராத்திரியோட ஒப்பிட்டா இது ஒண்ணுமேயில்லை. சங்கரன்கோவில்ல இருந்துக்கிட்டு, தெருவெல்லாம் பிரியாணி வாசனை வர்ற ஊர்ல, ஆறின ரசஞ்சாதம் சாப்பிட்டதுதான் நிஜமான வேதனை. அஞ்சாம் நாள் தையல் பிரிச்சாங்க. செலவு, சென்னையில நான் குடுக்கற ஒரு மாச வாடகையைவிடக் கொஞ்சம் கூட. இம்ப்ளான்டுக்குச் சொன்ன தொகையைவிடக் குறைவு. இன்சூரன்ஸ்ல பல்லு வராதுன்னு ஆபீஸ்ல கையை விரிச்சிட்டாங்க. பல்லு உடம்புல சேர்த்தியில்ல போலிருக்கு.

தையல் பிரிச்சுட்டு வந்த அன்னைக்கு ஆச்சி கேட்டா, "வெட்டுன துண்ட என்னலே பண்ணுனாவ? சாணியில பொதிஞ்சு கூரை மேல எறிஞ்சிருக்கணும்லா, அப்பந்தான நல்லா முளைக்கும்." மூணு மில்லிமீட்டர் ஆச்சி, கண்ணுக்கே தெரியாதுன்னேன். "பல்லுன்னா பல்லுதாம்லே" அப்படின்னுட்டா.

பருவு போன இடத்துல இப்ப வெறும் ஒரு வெள்ளைக் கோடு. ஆறு மாசம் கழிச்சு எடுத்த எக்ஸ்ரேல நிழல் பாதியாகியிருக்கு, ஓரத்துலேருந்து எலும்பு கட்டிக்கிட்டு வருது. முழுசா நிரம்ப ஒரு வருஷம் ஆகலாம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. பழைய படத்தையும் புதுப் படத்தையும் எங்க ஊரு டாக்டர்கிட்ட காட்டினேன். ரெண்டையும் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தார். "இதை எனக்கு வாட்ஸப்ல அனுப்பிடுங்க தம்பி. பேரை மறைச்சிட்டு வச்சுக்கறேன். பிடுங்கணும்னு வந்து நிக்கறவங்ககிட்ட வாயால சொன்னா நம்ப மாட்டேங்காங்க." அங்கயே நின்னு அனுப்பிட்டு வந்தேன். அடுத்த எக்ஸ்ரே ஆடித்தபசுக்கு ஊருக்குப் போகும்போது.